சகாயராணியின் கையில்லாத ஜாக்கெட்

சகாயராணிக்கு இரண்டு கைகள். தோளில் தொடங்கி விரல்நுனியில் முடிகிறவை; உங்களுக்கும் எனக்கும் இருப்பது மாதிரித்தான். ஆனால் தாராவியில் திருநெல்வேலிச் சீமைக் கத்தோலிக்க வேதக்காரர்கள் கும்பிடுகிற ஓட்டுக்கூரைக் கோயிலில், அறுபத்தாறாம் வருஷம் அந்தக் கைகளைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ரேஷன் கடையில் அரிசி இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று பேப்பர்காரன் கத்திக்கொண்டு போகிறான். அதெல்லாம் கிடக்கட்டும், இன்னாசிமுத்து மகள் கையில்லாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பூசைக்கு வருகிறாளே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இன்னாசிமுத்து தோல் கிடங்கில் வேலை பார்க்கிற மனிதர். யார் எதைச் சொன்னாலும் "செரிதான்" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைப்பார். வீட்டில் சட்டம் போடுகிறவள் அவர் மனைவி ஏஞ்சலம்மாள். ஒரே மகளை மெட்ரிக் வரை படிக்கவைத்து, ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக நுழைத்ததும் அவள்தான்.

சகாயராணி தினமும் சயானில் லோக்கல் ரயில் ஏறி போரிபந்தரில் இறங்குவாள். லேடீஸ் பெட்டியில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கினால் ஜாக்கெட்டுக்கு அக்குளில் தையல் விடும். ஆபீஸில் ஸ்விட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்து கையை உயர்த்தி உயர்த்தி வயர்களைச் செருகினால் மிச்சமும் விடும். புது ஜாக்கெட் எல்லாம் இப்படியே பாழாகிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலிப் பார்சிக்காரி, கையே இல்லாத கவுனைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சகாயராணிக்குத் தோன்றியது: கிழிகிற இடமே இல்லாவிட்டால் எது கிழியும்?

சயான் ரோட்டோரம் மிஷின் போட்டிருந்த மேலப்பாளையத்து ஜெயினுலாப்தீன் பாயிடம் துணியைக் கொடுத்தாள். பாய் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையில்லாம தச்சா அதுக்குப் பேரு சட்டையா, தலகாணி உறையா?"

"நீங்க தைங்க பாய். போடப்போறது நான்தானே."

"நாளைக்கி ஒங்கம்மா வந்து என் மிஷினத் தூக்கி ரோட்டுல எறிவா. ஒனக்கென்ன, நீ ரயிலேறிப் போயிருவ" என்றார். ஆனாலும் தைத்தார்.

ரசம் போன கண்ணாடி முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். கறுத்து நீண்ட கைகள். இடது தோளுக்குக் கீழே அம்மை குத்திய தழும்பு இரண்டு. பிறந்ததிலிருந்து கூடவே இருந்த கைகளை அவள் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள். பிடித்துப்போயிற்று. அம்மாவிடம் வியர்வை என்றாள், தையல் என்றாள், ரயில் கம்பி என்றாள். எல்லாம் நிஜம்தான். ஆனால் அடுத்தடுத்து எல்லா ஜாக்கெட்டையும் அப்படியே தைத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. தன்னை அவளுக்குப் பிடித்திருந்தது. 'கறுப்பி கறுப்பி' என்று பவுடர் அப்பி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு இது லேசில் கிடைக்கிற விஷயமா?

ஏஞ்சலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள், சோறு தண்ணி இல்லாமல் படுத்தாள். சகாயராணி அம்மாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு அதே ஜாக்கெட்டோடு வேலைக்குப் போனாள். கொஞ்ச நாளில் அம்மாவுக்கும் அலுத்துவிட்டது.

கோயிலில் முதல் சில மாசம் ஒரு வம்பும் இல்லை. ஏனென்றால் சாமியார் சனங்களுக்கு முதுகைக் காட்டி, பீடத்தைப் பார்த்துக்கொண்டு லத்தீனில் பூசை வைப்பார். பின்னால் யார் எதை உடுத்தியிருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம் ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்தது. லத்தீன் போதும், இனித் தமிழில் சொல்லுங்கள்; சனங்களைப் பார்த்து நின்று சொல்லுங்கள். பீடத்தைத் திருப்பிப் போட்டார்கள். சாமியாரும் திரும்பினார். திரும்பியவர் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று இரண்டு கைகளையும் விரித்தார் பாருங்கள், பெண்கள் பக்கம் நடுவில் உட்கார்ந்திருந்த சகாயராணி கண்ணில் பட்டாள். விரித்த கைகள் விரித்தபடியே நின்றன. ரோமாபுரியில் அத்தனை பிஷப்புமார் கூடி வருஷக்கணக்காக யோசித்தார்களாம். இதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்கச் சரீரம்தான். "சரீரம் பரிசுத்த ஆவி குடியிருக்கிற ஆலயம். ஆலயத்துக்குக் கதவு வேண்டாமா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே கோயில் கமிட்டி கூடியது. தலைவர் மரியசூசை. சோடாக்கடைக்காரர். மதுவிலக்கு இருந்த பம்பாயில், பொழுது சாய்ந்தால் அவர் கடையில் சோடா மட்டும் விற்பதில்லை என்பது போலீஸ்காரர் உள்பட எல்லாருக்கும் தெரியும். கோயிலின் மைக் செட் அவர் உபயம். அவர் பூசையில் நன்மை அப்பம் வாங்க வாயைத் திறந்தால் சாமியார் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஆனால் கொடுக்க ஒருநாளும் யோசித்ததில்லை. அப்பேர்ப்பட்ட மரியசூசை அன்று கண் கலங்கிப் பேசினார்: "நம்ம பிள்ளைங்க எங்க போயிக்கிட்டு இருக்கு?" எங்கே போகும்? இவர் கடை வாசலைத் தாண்டித்தானே கோயிலுக்கு வரவேண்டும்!

வழி சொன்னவள் மாதா சபைத் தலைவி லூசியம்மாள். அகலமான அம்மாள், ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஊர்வம்பு பேசுவாள். கோயில் வாசலில் ஒரு பிஸ்கட் டின் வைப்பது. அதில் வெள்ளைத் துணியில் தனியாகத் தைத்த கைகள், மேலும் கீழும் எலாஸ்டிக் வைத்து. கையில்லாமல் வருகிறவள் வாசலில் மாட்டிக்கொள்ள வேண்டியது, பூசை முடிந்ததும் கழற்றி டின்னில் போட வேண்டியது. கமிட்டி ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. தைக்கக் கொடுத்தபோது லூசியம்மாள் செய்த ஒரே தப்பு, அளவுக்குத் தன் கையைக் காட்டியதுதான்.

டின் வைத்த ஞாயிறு, அம்மா முகத்துக்காகச் சகாயராணி மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டாள். உள்ளே போய் முழங்காலிட்டுச் சிலுவை போட்டாள். நெற்றிக்குக் கை போனபோது வெள்ளைக் கை முழங்கைக்கு இறங்கியது. நெஞ்சுக்கு வந்தபோது மணிக்கட்டுக்கு வந்தது. தோளைத் தொட்டு முடிப்பதற்குள் கழன்று முன்வரிசைக் கோமதியம்மாளின் மடியில் விழுந்தது. மதம் மாறி வந்து அதிக நாள் ஆகாத கோமதியம்மாள், இதுவும் புதுப் பூசையில் ஒரு சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து, அதைக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். அவள் அடுத்தவளிடம் கொடுத்தாள். ஆண்கள் பக்கத்தில் ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருத்தரும் இல்லை. பிஸ்கட் டின் மறுவாரம் காணாமல் போனது, யாரும் தேடவில்லை.

அதுவரை அந்தக் கைகளைச் சரியாகப் பார்க்காதவர்களும் அன்று நன்றாகப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் அமிர்தநாதன். செம்பூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஃபிட்டர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. லூசியம்மாளின் சொந்த மகன்.

"கட்டுனா அந்தப் பிள்ளையத்தான் கட்டுவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டான். லூசியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவிலேயே விசாரித்தாள். வேலை பெர்மனென்டா? பெர்மனென்ட். பிராவிடன்ட் ஃபண்டு உண்டா? உண்டு. சைத்தான் குடிகொண்டிருந்த அதே பெண்ணிடம் மாதாவின் சாயல் இருப்பது அப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. ஏஞ்சலம்மாளோ, மகளுக்குச் செம்பூரில் கம்பெனி குவார்ட்டர்ஸ், வீட்டுக்குள்ளேயே குழாய் என்று கேட்ட மாத்திரத்தில் பாதி மோட்சத்துக்குப் போய்விட்டாள்.

சகாயராணிக்குக் குழாயும் வேண்டாம், குவார்ட்டர்ஸும் வேண்டாம். அவள் விழுந்தது ஒரு சொல்லில். நிச்சயம் ஆனபிறகு சயான் ஸ்டேஷனில் அமிர்தநாதன் அவளுக்காகக் காத்திருப்பான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்து வருவார்கள். ஒருநாள் அவன் சொன்னான்:

"ராணி, நீ ரயில்ல கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறத ஒரு நாளு பாத்தேன். எவனுக்கும் பயப்படாத ஆளு மாதிரி நின்ன. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அழகு என்று சொன்னவர்கள் இல்லை, திமிர் என்று சொன்னவர்கள் நிறைய. இவன் ஒருத்தன்தான் சரியாகப் பார்த்துச் சொன்னான் என்று அவள் நம்பினாள். அன்றிரவு அவளுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. ஆமாம், அவனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் மெய்விவாகம் நடக்கப்போகிறது என்று பூசையில் அறிவிப்பார்கள். முதல் ஓலை வாசித்தபோது ஏஞ்சலம்மாள் முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். இரண்டாம் ஓலை முடிந்த மறுநாள், சகாயராணி ஆபீஸ் போயிருந்த நேரத்தில் லூசியம்மாள் வீட்டுக்கு வந்தாள்.

அந்தச் சனத்தில் கல்யாணச் சேலையும் ஜாக்கெட்டும் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. அளவுக்கென்று பெண்ணின் பழைய ஜாக்கெட் ஒன்றை வாங்கிப்போவார்கள்.

"ஒண்ணு போதாது மயினி" என்றாள் லூசியம்மாள். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தையலா இருக்கும். எல்லாத்தையும் குடுங்க. பாயி பாத்துட்டுத் தரட்டும்."

ஏஞ்சலம்மாள், மகள் உடுத்திப் போயிருந்ததைத் தவிர அத்தனையையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தாள்.

அளவுக்குத்தானே என்று அந்த ஒற்றை ஜாக்கெட்டையே துவைத்துத் துவைத்துப் போட்டுப் போனாள் மகள்; சனிக்கிழமை மூட்டை திரும்பி வந்தது. சகாயராணி பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் முழங்கை வரைக்கும் கை வைத்துத் தைத்திருந்தது. பச்சைக்கு நீலக் கை. பூப் போட்டதற்கு மஞ்சள் கை. ஜெயினுலாப்தீன் பாயை என்ன சொல்வது. கை எடுக்கச் சொன்னால் எடுப்பார், வைக்கச் சொன்னால் வைப்பார், மிஷின் ஓடினால் சரி. கல்யாண ஜாக்கெட் மூட்டையிலேயே இல்லை. அதைத் தைக்கவே ஆரம்பிக்கவில்லை.

"துணி எடுத்தது யாரு தெரியுமாட்டி? ஒம் மாப்பிள்ளையே கடைக்குப் போயி எடுத்திருக்காவளாம்!" ஏஞ்சலம்மாளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "கல்யாணத்துக்கு முந்தியே எம்புட்டு அக்கற பாரு."

சகாயராணி பச்சை ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள். கையில்லாமல் வெட்டிய துணியில் பிறகு கை வைத்தால் என்ன ஆகும்? இறுக்கிப் பிடித்தது. கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. ரயில் கம்பி எட்டாது. ஸ்விட்ச்போர்டின் மேல்வரிசை எட்டாது. தலைகூடச் சீவ முடியாது. அவமானத்தில் அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. அப்படியே சேலையைச் சுற்றிக்கொண்டு, அமிர்தநாதன் வேலை முடிந்து வந்து இறங்குகிற நேரத்துக்குச் சயான் ஸ்டேஷனுக்குப் போனாள்.

அமிர்தநாதன் பார்த்ததுமே சிரித்தான். "நல்லாருக்கே!"

"நீங்களா துணி எடுத்தீங்க?"

"ஆமா. நல்ல பாப்ளின். சாயம் போவாது."

"எதுக்கு?"

"அம்மா சொன்னா. எனக்கும் செரின்னுதான் பட்டுது. நான் பாத்தாச்சுல்லா, இனிமே ஊரு எதுக்குப் பாக்கணும்?"

"எவனுக்கும் பயப்படாத ஆளுன்னு சொன்னீங்க."

"அது அப்ப" என்று சொல்லிவிட்டு, வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றை வாங்கி அவள் கையில் வைத்தான். கோபமே இல்லாமல், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள். அவனுக்குத் தான் ஒரு தப்பும் செய்ததாகத் தெரியவில்லை என்பதுதான் அவளுக்கு வலித்தது. என் பெட்டியைத் திறந்து, என் துணியை எடுத்து, என் உடம்பைத் தைத்து அனுப்பியிருக்கிறான். அதற்கு நான் நன்றி சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறானே! கடலையைத் தின்னாமல் வீடு வந்து சேர்ந்தாள்.

வந்ததும் அப்பாவின் சவர பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஏஞ்சலம்மாள் பதறினாள்.

"நாளைக்கி மூணாம் ஓலை. இன்னைக்கி என்னட்டி பண்ணுத?"

"கையத் தூக்க முடியலம்மா."

"தூக்காத. வாக்கப்பட்டுப் போற எடத்துல கையத் தூக்கி என்னத்தச் செய்யப் போற?"

"செரிதான்" என்றார் இன்னாசிமுத்து மூலையிலிருந்து. யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் பூசைக்கு அந்தப் பச்சை ஜாக்கெட்டோடுதான் போனாள். தோளைச் சுற்றி ஊசித் துளைகள் அப்படியே தெரிந்தன. சாமியார் பிரசங்கத்தை முடித்து, மைக்கை நெருங்கி நின்று ஓலையை வாசித்தார். கடைசியில், இவர்களுடைய கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் உடனே அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார். எத்தனையோ கல்யாணத்துக்கு வாசித்த வாக்கியம். பதில் வரும் என்று ஒருத்தரும் எதிர்பார்ப்பதில்லை. சனங்கள் இருமிக்கொள்ளவும் பிள்ளைகளை இடுப்பு மாற்றிக்கொள்ளவும் கிடைக்கிற நேரம் அது.

சகாயராணி எழுந்து நின்றாள்.

"சாமி, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"தடை."

சாமியாருக்கு வியர்த்துவிட்டது. "பூச முடிஞ்சு என் அறைக்கு வாம்மா, அங்க பேசிக்கிடலாம்."

"மைக்குல கேட்டீங்க சாமி. இங்கயே சொல்லிருதேன். பொண்ணுக்குச் சம்மதம் இல்ல."

மரியசூசை பாய்ந்து போய் மைக்கை அணைத்தார். அணைத்ததில் சாமியாரின் குரல்தான் நின்றது. நாள் முழுக்கக் கல்கத்தாவுக்கும் கொச்சிக்கும் கத்துகிற டெலிபோன்காரிக்கு மைக் எதற்கு? "எனக்குச் சம்மதம் இல்ல சாமி" என்று அவள் இன்னொரு தடவை சொன்னபோது வெளியே குழாயடியில் நின்றவர்களுக்கும் கேட்டது. லூசியம்மாள் மயங்கி விழுந்தாள். தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிற பக்கமாகப் பார்த்துத்தான் விழுந்தாள். அமிர்தநாதன் ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். ஒருதடவையாவது நிமிர்ந்து பார்ப்பான் என்று சகாயராணி பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் நிமிரவில்லை. சாமியார் என்ன செய்வார் பாவம். இருவரும் மனசாரச் சம்மதிக்காவிட்டால் அது மெய்விவாகமே இல்லை என்று போன வாரம் இதே பெண்ணைக் கூப்பிட்டு வைத்து மணிக்கணக்கில் பாடம் சொன்னவர் அவர்தானே. ஓலையை மடித்து அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஏஞ்சலம்மாள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். சந்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஒரு சட்டைக்காண்டி வாழ்க்கையத் தொலச்சிட்டியேட்டி, பாவி!"

அவ்வளவு நேரம் தாங்கிக்கொண்டிருந்த சகாயராணி உடைந்துபோனாள். கதவில் சாய்ந்துகொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள்.

"சட்டைக்காண்டி இல்லம்மா. 'ராணி, எனக்குச் சங்கட்டமா இருக்கு, கை வச்சுப் போடுதியா'ன்னு அவரு ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே பாய்ட்ட குடுத்துத் தச்சிருப்பேன்."

"அத நேத்தே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல, மூதி?"

"நேத்து என்கிட்ட யாரும்மா கேட்டா?"